யாருக்கு முதலில் வியர்க்க வேண்டும்?

ஒரு வளாகத்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும், எத்தனை பம்புகள் வேண்டும், குழாய் என்ன பருமன் என்றெல்லாம் கணக்குப் போட இளம் பொறியாளர்களான உங்களுக்கு என் உதவி தேவையில்லை. நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்டதை உங்கள் கணினி தேநீர் ஆறுவதற்குள் போட்டு முடிக்கிறது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை, சந்தோஷம்தான் பட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் துறையில் கணினி தானாகக் கேட்காத ஒரு கேள்வி உண்டு. குளிர் போதாமல் போகிற நாளில் யாருக்கு முதலில் வியர்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் ஒரு குளிரூட்டும் பிளான்ட்டை ஒப்படைத்தால், நீங்கள் இயந்திரங்களை மட்டும்தான் ஒப்படைக்கிறீர்கள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு தனியார் பல்கலைக்கழக வளாகம். பெயர் வேண்டாம். பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைந்த கரிசல் நிலம் அது. அங்கே மருத்துவமனை, ஆய்வுக்கூடங்கள், விடுதிகள், பெரிய ஆடிட்டோரியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டைமாடியிலும் தனித்தனி ஏசி இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து, மண்ணுக்கடியில் குழாய் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பி, சூடேறித் திரும்பும் தண்ணீரை மறுபடியும் குளிரவைக்கும் மைய பிளான்ட் ஒன்றை வடிவமைக்கும் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. பொறுப்பு என்னுடையது. ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த பெரிய வேலைகளில் கடைசி அது.

மின்செலவைக் குறைப்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. வளாகம் என்பது நாள்காட்டியைப் பார்த்து மூச்சுவிடும் உயிர். வைகாசியில் விடுதி காலி. தேர்வு மாதத்தில் நூலகம் விடிய விடிய நிரம்பியிருக்கும். மருத்துவமனைக்கு மட்டும் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆகவே உச்சி வெயில் நாளை மட்டும் மனதில் வைத்து இரண்டு ராட்சத இயந்திரங்களை வாங்கி வைக்காமல், பெரிதும் சிறிதுமாகச் சிலவற்றை வைத்தோம். சாதாரண நாளுக்குச் சிறியது மட்டும் ஓடினால் போதும். வெயில் இறங்கியபின் குளிரவைத்த தண்ணீரைச் சேர்த்துவைக்க ஒரு பெரிய தொட்டி கட்டினோம். இயந்திரங்கள் வெளியே தள்ளும் சூட்டை வீணாக்காமல் விடுதிகளின் வெந்நீருக்குக் கொடுத்தோம். இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

உடைந்தாலும் நிற்காமல் ஓடுவது எப்படி என்பதில்தான் வேலை இருந்தது. நான் பணி தொடங்கியது ரெட்டிபாளையம் பக்கத்து சிமெண்டு ஆலை ஒன்றில். அங்கே மின்சாரம் போனால், உள்ளே நெருப்போடு சுழலும் அந்த நீண்ட உலை நின்றுவிடக் கூடாது. நின்றால் தன் சூட்டிலேயே தொய்ந்து வளைந்துவிடும். அதற்காகப் பக்கத்திலேயே ஒரு டீசல் இன்ஜின் நிற்கும். விளக்கு அணைந்ததும் ஷிப்டில் இருப்பவர் ஓடிப்போய் அதைக் கிளப்பி உலையை மெல்ல உருட்டுவார். மேனேஜரைக் கேட்டுவிட்டுக் கிளப்பலாம் என்று அங்கே ஒருவரும் நினைத்ததில்லை. அந்தப் பழக்கம் எனக்கு அவ்வளவு இயல்பாகிப் போயிருந்தது. எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தேன்.

பிளான்ட்டை நடத்த ஒருவரை முன்கூட்டியே நியமிக்கச் சொல்லியிருந்தோம். வந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், காதர் பாய். வளைகுடாவில் ஒரு நகரப் பகுதிக்கே இப்படிக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் பிளான்ட்டுகளில் பல வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். நல்ல வேலைக்காரர். அதை அவரே சொல்லிக்கொள்ளவும் தயங்கமாட்டார்.

"அங்க ஷேக் வூட்டுக்குப் போற வால்வையே மூடியிருக்கேன் மேடம்" என்றார் முதல் நாளே.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"மூடுன பெறகுதான் ஷேக் வூடுன்னே தெரிஞ்சுது."

அவர் ஊர் திரும்பியதற்குக் காரணம் எளிமையானது. சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளை விடுமுறைக்கு விடுமுறை பார்க்கும் வாழ்க்கை இனி வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். "இந்த வேலை போச்சுன்னா மறுபடியும் ஃபிளைட்டுதான். நம்ம பக்கத்துல இந்த மாதிரி பிளான்ட்டு வேற எங்க இருக்கு?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வேலை போகும் என்ற பயம் வெறும் கற்பனையும் அல்ல. அவர் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், மின்தடையின்போது ஜெனரேட்டர் தாங்காது என்று விருந்தினர் மாளிகை ஏசியை நிறுத்திய எலக்ட்ரீஷியன் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். மாளிகையில் அன்று தங்கியிருந்தவர் வேந்தரின் சம்பந்தி. இந்தக் கதை வளாகத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

மாசிக் கடைசியில் பதிவாளர் அறையில் கூட்டம். குளிர் குறைந்தால் எந்தக் கட்டடத்தை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிவரை காப்பாற்றுவது என்று ஒரு வரிசை வேண்டுமென்று கேட்டிருந்தேன். பதிவாளர் ஒழுங்கான மனிதர். எந்த விழாவிலும் யாருக்கு எந்த நாற்காலி என்று யோசிக்காமல் சொல்லக்கூடியவர். நான் கேட்டதையும் அவர் நாற்காலிக் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டார். கடைசிவரை காக்க வேண்டியது வேந்தர் அலுவலகம். அடுத்து துணைவேந்தர், விருந்தினர் மாளிகை, பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், டீன்கள் என்று அந்த வரிசை இறங்கிக்கொண்டே போனது.

"ஆஸ்பத்திரி எங்கங்க சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது பக்கத்துல இருக்குங்க மேடம். இதர பிரிவுகள்ல."

அறுவை அரங்குகளுக்குப் பொறுப்பான மயக்க மருந்து டாக்டரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பொணம் வெக்கிற ரூம் கூட எங்களுக்கு மேல இருக்குதே சார்."

"அது அனாடமில வருதுங்க டாக்டர். டிபார்ட்மென்ட் எல்லாம் ஆல்ஃபபெட் ஆர்டர்."

"அப்ப எங்க பேஷண்டு செத்த பெறகு நல்லா ஜில்லுனு இருக்கலாம்."

பதிவாளர் பேனாவை மூடித் திறந்தார்.

அப்போது எனக்குள் இருந்த புத்தகப் படிப்பு விழித்துக்கொண்டது. "சார், இங்கேயே பக்கத்துல ரஞ்சன்குடி கோட்டை இருக்குது. மதில் மேல மதிலா கட்டியிருக்காங்க. எதிரி வந்தா முதல்ல எந்த மதிலை விடுறது, அப்புறம் எதை விடுறதுன்னு கட்டும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் கட்டியிருக்காங்க. நாமளும் அதைத்தான் செய்யணும்" என்றேன். நல்ல உதாரணம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"நானும் அதைத்தாங்க மேடம் செஞ்சிருக்கேன்" என்றார் பதிவாளர் அமைதியாக. "கோட்டையில உச்சி மேட்டுல யாரு இருந்தாங்க?"

என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த காதர் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

இளையவர்களே, உதாரணத்தை வைத்து வாதாடாதீர்கள். உதாரணம் யார் கைக்கும் போகும் கத்தி. அன்று அதைக் கற்றுக்கொண்டு, வேறு வழியில் போனேன். ஒவ்வொரு பிரிவிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "குளிர் நின்றால் எவ்வளவு நேரம் தாங்குவீர்கள்?" யார் பெரியவர், யார் சிறியவர் என்ற பேச்சே எடுக்கவில்லை. அவரவர் பதிலை அவரவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். நூலகம், ஜன்னலைத் திறந்துகொள்கிறோம் என்றது. விடுதிகள், மின்விசிறி ஓடினால் போதும் என்றன. ஆடிட்டோரியம், ஆட்கள் எழுந்து வெளியே போய்விடலாம் என்றது. துணைவேந்தர் அலுவலகம் யோசித்துவிட்டு, ஒரு மதியம் வரை சமாளிக்கலாம் என்றது. அறுவை அரங்கிலிருந்து டாக்டர் சொன்னது: "தாங்க முடியாது." இப்படிக் கேட்டதும் வரிசை தானாகத் தலைகீழானது. தங்கள் வாயால் சொன்னதை யாரும் மறுக்க முடியவில்லை.

பதிவாளரும் மறுக்கவில்லை. ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். நிர்வாகக் கட்டடங்கள், விருந்தினர் மாளிகை, ஆடிட்டோரியம் ஆகியவற்றை நிறுத்துவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்தின் அனுமதி பெறவேண்டும்.

"சின்ன விஷயம்தானே மேடம், ஒரு போன் பண்ணா முடிஞ்சுது" என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் காதர் பாய் சொன்னார்: "மேடம், இந்த ஒத்த வரி போதும். மிஷினு, குழாயி, தொட்டி எல்லாம் வேஸ்ட்டு. என் எடத்துல யாரு நின்னாலும் போனை எடுத்து வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பான்."

"நீங்க?"

"நானும்தான். எனக்கும் புள்ள குட்டி இருக்குதுல்ல."

ஷேக் வீட்டு வால்வை மூடியவர் சொன்ன பதில் அது. அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். நாம் வடிவமைக்கும்போது ஒரு வீரனை மனதில் வைத்து வடிவமைக்கக் கூடாது. சம்பளம் வேண்டிய, பெண்டாட்டி பிள்ளை உள்ள மனிதரை வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

பதிவாளரோடு மறுபடி வாதாடப் போகவில்லை. பிளான்ட்டை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை உண்டு, பாதி பலம் போய்விட்டது போல நடித்துப் பார்ப்போம், சித்திரையில் ஏதாவது ஒரு நாள், எல்லாம் நீங்கள் எழுதிய விதிப்படியே நடக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விதி சரியான விதி.

சித்திரை வெயில். அறுவை அரங்கில் நோயாளி இல்லாத மதியமாகப் பார்த்து டாக்டர் ஒரு நாளைக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நிற்பது போலவே முழு கவுன், முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, காலி மேசை முன்னால் நின்றார். பெரிய இயந்திரத்தை நிறுத்தினோம். சேமிப்புத் தொட்டியையும் இல்லாததாக வைத்து அடைத்தோம். விதிப்படி காதர் பாய் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"வணக்கம், பதிவாளர் ஆபீஸ்."

"பிளான்ட்லேருந்து காதர் பேசுறேங்க. அட்மின் பிளாக்கு வால்வை மூட பர்மிஷன் வேணும். சாரைக் கூப்புடுங்க."

"எந்தக் காதர்? கேண்டீன் காதரா?"

"பிளான்ட் காதர்."

"சார் மீட்டிங்ல இருக்காங்க. லைன்ல இருங்க."

இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல்: "மூடுறதுன்னா என்னங்க? தண்ணி வராதா? பாத்ரூம்ல எல்லாம் இப்பவே புடிச்சு வெச்சுக்கணுமா?"

"குடிக்கிற தண்ணி இல்லங்க, ஏசி தண்ணி."

"ஏசில தண்ணி ஒழுகுதுன்னா எலக்ட்ரிக்கல்ல சொல்லணும். நம்பர் தரட்டுங்களா?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். திரையில் மருத்துவமனைக்குப் போகும் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் மூடவில்லை. விதி அப்படி. பதிவாளர் கூட்டம் முடிந்து வந்து போனை எடுத்தபோது, "சொல்லுங்க பாய், என்ன விஷயம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லங்க சார், முடிஞ்சு போச்சு. ஓ.டி. வரைக்கும் வந்து பாக்குறீங்களா?"

வந்தார். டாக்டர் அதே இடத்தில் நின்றிருந்தார். கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது. புருவத்திலிருந்து வியர்வை சொட்டு சொட்டாக, துணி விரித்த காலி மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது. கையுறையோடு கைகளை மார்புக்கு முன்னால் தூக்கி வைத்திருந்ததால் அவரால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. மேசையை மட்டும் கண்ணால் காட்டினார். பச்சைத் துணியில் ஈரப் புள்ளிகள்.

பதிவாளர் குனிந்து அந்தத் துணியைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அந்த வரியைத் தன் கையால் அடித்துவிட்டு வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிளான்ட்டில் பொறுப்பில் இருப்பவர் வரிசைப்படி மூடிவிடலாம். மூடியபின் தகவல் சொன்னால் போதும். அதற்காக அவர்மேல் நடவடிக்கை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்டு வாங்கினேன். "இது எதுக்குங்க மேடம், தனியா எழுதணுமா?" என்றார். எழுதணும் சார் என்றேன். எலக்ட்ரீஷியன் கதையை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எழுதினார்.

நீங்கள் வரையும் எந்தக் குழாயைவிடவும் இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் கனமானது. அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள். இது என் வேலை இல்லை, நான் பொறியாளர் என்று சொல்லாதீர்கள். இதுதான் வேலை.

புரட்டாசியில் பட்டமளிப்பு விழா வந்தது. பிளான்ட் அதற்குள் சில மாதம் நன்றாக ஓடியிருந்தது. எனக்கும் அழைப்பு வந்ததால் போயிருந்தேன். இரண்டு மழை பெய்து கரிசல் குழைந்திருந்தது. வெயில் குறைவு, புழுக்கம் அதிகம். வளாகம் முழுக்கச் சுண்ணாம்பும் காவியும் மணத்தது. வாசலிலிருந்து ஆடிட்டோரியம் வரை பாதையின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சிறிய கற்கள், வெள்ளையும் காவியும் பட்டை அடித்து, நூல் பிடித்தாற்போல வரிசையாக நின்றன. அழகாகத்தான் இருந்தது. இந்தக் கற்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தபடியே உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அவை எங்கள் கற்கள். மண்ணுக்கடியில் குழாய் போகும் வழியெங்கும் அடையாளத்துக்காக நட்டிருந்தோம். இங்கே தோண்டாதே என்பதுதான் அவற்றின் ஒரே செய்தி. விழாவுக்காக வளாகத்தை அழகுபடுத்தியவர்கள், கல் கோணலும் மாணலுமாக அங்கங்கே நிற்கிறதே என்று வருந்தி, எல்லாவற்றையும் பிடுங்கி, குளிப்பாட்டி, பட்டை அடித்து, பாதையோரம் அணிவகுத்து நிற்க வைத்துவிட்டார்கள். குழாய் வளைந்து போகும்போது கல்லும் வளைந்துதான் நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பட்டமளிப்பு ஊர்வலம் உள்ளே வந்து, எல்லாரும் நின்று, உட்கார்ந்ததும் கதவுகள் மூடப்பட்டன. பாதுகாப்புக்காக வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அந்த நேரத்தில், மதிய விருந்துப் பந்தலுக்குப் போகும் வழியில் ஒரு அலங்கார வளைவு விட்டுப்போயிற்று என்று யாரோ கண்டுபிடித்தார்கள். டிராக்டரில் மாட்டிய குழி போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பந்தல்காரர்கள் வளைவின் கால்களை ஊன்றக் குழி போட்டார்கள். மண் குழைந்திருந்ததால் சுலபமாக இறங்கியது. ஆடிட்டோரியம் பக்கத்துக் குழாய்க்குள்ளும் சுலபமாக இறங்கியது.

பிளான்ட்டில் காதர் பாய் திரையில் அழுத்தம் விழுவதைப் பார்த்தார். தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது. நிரப்பும் பம்ப் ஈடுகொடுக்கவில்லை. இப்படியே விட்டால் குழாய்க்குள் காற்று புகுந்து எல்லா பம்பும் திணறும். ஆடிட்டோரியம் மட்டுமல்ல, முழு வளாகமும் நிற்கும். மருத்துவமனையும் நிற்கும். அங்கே டாக்டர் உள்ளே இருந்தார். அன்று மேசை காலியில்லை. வயிறு திறந்த நிலையில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

நாங்கள் குழாயை வட்டமாகப் போட்டிருந்தோம். எந்தத் துண்டு உடைந்தாலும் அதன் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, மற்ற கட்டடங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் கொண்டுபோகலாம். எந்தத் துண்டு உடைந்தது என்று திரை காட்டியது. எதை மூட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் துண்டில் இருந்தது ஆடிட்டோரியம். மேடையில் வேந்தர், துணைவேந்தர், சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர். எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பிய அதே வேந்தர்.

காதர் பாய் இரண்டு வால்வையும் மூடினார். பிறகு நான் அந்தக் கணத்தைப் பற்றிக் கேட்டபோது, "பிஸ்மில்லா சொல்லி அமுக்கிட்டேன் மேடம். யோசிச்சிருந்தா அமுக்கியிருக்க மாட்டேன்" என்றார். யோசிக்க வேண்டியதையெல்லாம் மாசியிலும் சித்திரையிலுமே யோசித்து முடித்திருந்தோம் என்பது என் பதில்.

விதிப்படி தகவல் சொல்லப் பதிவாளருக்குப் போன் போட்டார். பதிவாளர் அங்கி அணிந்து மேடையோரம் நின்றிருந்தார். அவர் போன் வெளியே உதவியாளரிடம். அடுத்த போன் எனக்கு வந்தது. குனிந்துகொண்டு எடுத்தேன்.

"மேடம், ஆடிட்டோரியத்தை மூடிட்டேன். லைன் ஒடஞ்சுருச்சு. ஆஸ்பத்திரி நல்லா இருக்கு. ஆனா உள்ள கூட்டம் ஜாஸ்தி, காத்து வரும், குளிரு வராது. கதவைத் தொறக்கச் சொல்லுங்க."

இங்கேதான் எங்கள் வரிசையில் இருந்த ஓட்டை தெரிந்தது. ஆடிட்டோரியம் தாங்கும், ஆட்கள் எழுந்து வெளியே போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பட்டமளிப்பு நாளில் யாரும் எழுந்திருக்க முடியாது என்பதை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எந்தத் திட்டமும் எல்லா நாளையும் முன்கூட்டிப் பார்க்காது. எழுதாமல் விட்டதைச் செய்ய ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். நான் எழுந்தேன்.

சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்திருந்தார். ஓர வழியாகப் போய் மேடையின் பக்கவாட்டில் பதிவாளரைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மேடம், இப்ப எந்திரிச்சு வரக்கூடாது."

"சார், குளிர் நின்னுருச்சு. குழாய் ஒடஞ்சுருக்கு. ஆஸ்பத்திரிக்காக இந்தப் பக்கம் மூடிட்டாங்க. கதவைத் தொறக்கணும்."

"ஊர்வலம் உள்ள வந்தாச்சு. முடிஞ்சு வெளியே போறவரைக்கும் கதவு தொறக்கக் கூடாது. செக்யூரிட்டி ஒத்துக்க மாட்டாங்க."

"முன் வரிசையைப் பாக்காதீங்க சார். பின்னால பாருங்க."

பார்த்தார். பின்வரிசைகளில் பெற்றோர்கள். அரியலூர், செந்துறை, குன்னம் பக்கமிருந்து பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட வேட்டியுமாகக் காலையிலேயே பஸ் ஏறி வந்தவர்கள். அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதானவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்திலிருந்த பெண் அவர் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய் கதவைத் தொறக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் பதிவாளர்.

சொல்லிவிட்டு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கியோடு, பேசிக்கொண்டிருந்த விருந்தினருக்கு முன்னால் மேடையைக் குறுக்காகக் கடந்துபோய், துணைவேந்தர் காதில் குனிந்து பேசினார். அந்த மேடையில் யார் எங்கே நடக்கலாம் என்று விதி எழுதியவரே அவர்தான். கதவுகள் எல்லாம் திறந்தன. வெளியே இருந்த புழுக்கக் காற்றுகூட அப்போது தென்றலாக இருந்தது. வயதானவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் நிலைமையைப் புரிந்துகொண்டு பேச்சைச் சுருக்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. பட்டங்கள் கொடுக்கப்பட்டன. எல்லாருக்கும் வியர்த்தது.

விருந்தில் டாக்டரைப் பார்த்தேன். அறுவை முடிந்து நேராக வந்திருந்தார். "ஏன் மேடம் எல்லாரும் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. என் பணிக்காலத்தில் யாரும் எனக்குச் சொன்ன பாராட்டுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

வேந்தர் பாராட்டவில்லை. யார் மூடியது, பெயர் வேண்டும் என்று விருந்து முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டோம். மறுநாள் காலை பதிவாளர் அலுவலகத்துக்கு வரும்படி காதர் பாய்க்கு அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். வெளியே காத்திருந்தோம்.

"வூட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"என்னத்த சொல்றது மேடம்? போயிட்டு வரேன்னு மட்டும் சொன்னேன்."

உள்ளே போனபோது பதிவாளர் போனில் இருந்தார். கையால் உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

"ஆமாங்க சார்... இல்லங்க சார், தெரியாம மூடல. தெரிஞ்சுதான் மூடினோம்... பேரு எதுக்குங்க சார்? மூடலாம்னு போட்ட உத்தரவுல இருக்கிறது என் கையெழுத்து. அவரு மூடாம இருந்திருந்தாதான் நான் விளக்கம் கேட்டிருக்கணும்... இல்லங்க. ஆஸ்பத்திரியில டேபிள்ல ஆள் இருந்துச்சுங்க சார்... சரிங்க சார். அப்படியே எழுதித் தரேன். என் பேருலயே எழுதித் தரேன்."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாய், அந்தக் கல்லுங்களை எல்லாம் பழையபடி குழாய் மேலயே நட்டுருங்க. எந்தக் கல்லு எந்த எடம்னு தெரியும்ல?"

"தெரியுங்க சார்."

"இன்னிக்கே நடுங்க. அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "கல்லைப் புடுங்கி வரிசையா வெக்கச் சொன்னது யாருன்னு யாராச்சும் வந்து கேட்டா..."

"அந்த உத்தரவுலயும் உங்க கையெழுத்துதாங்க சார் இருக்கு" என்றார் காதர் பாய்.

பதிவாளர் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஒழுங்கை எல்லாம் விட்டுவிட்டு, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

காதர் பாய் கற்களை நடப் போனார். இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.